ஹெரால்டில் வசந்தாமணி

கேட் விழுந்துவிட்டது. மச்சான் வீட்டு வாசலில் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, வாங்கிய பிறகும் நாலு பேச்சுப் பேசிக்கொண்டு நின்றாளே வசந்தாமணி, அந்த நாலில் இரண்டைக் குறைத்திருந்தால் இந்நேரம் தண்டவாளத்தைத் தாண்டி ஊத்துக்குளி ரோட்டில் காற்று வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். முன்னால் போன மினி பஸ்காரன் தாண்டிவிட்டான், புண்ணியவான். சென்னியப்பனுக்கு முன்னால் ஒரு பால் வண்டி, அதற்கு முன்னால் இரண்டு பைக், அவ்வளவுதான், அதற்குள் கம்பி இறங்கிவிட்டது. ரயில் வரும், போகும், திறப்பான், இதில் என்ன வந்தது என்று மற்றவர்கள் நினைக்கலாம். மற்றவர்கள் வைத்திருப்பது வண்டி. சென்னியப்பன் வைத்திருப்பது ஹெரால்டு, அந்தக் காலத்துக் கார். ஐம்பது வருஷத்துச் சாமான், வெண்ணெய் நிறத்தில் பெயிண்ட் அடித்து, பம்பருக்கு முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டு, தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற வண்டி. ஓடிக்கொண்டே இருக்கும்வரை ராஜா. நின்றால்தான் வம்பு. எஞ்சினை அணைத்தால், இந்தச் சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பு சுட்டுப் போய், உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவியாகி, மறுபடி சாவியைத் திருப்பும்போது கர்கர் என்று கனைக்குமே தவிரக் கிளம்பாது. ஈரத்துணி போட்டு அரைமணி காத்திருக்க வேண்டும். அணைக்காமல் விட்டால், காற்றே படாமல் நின்ற இடத்திலேயே ஓடி, ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து, அந்தச் சூடு எஞ்சின் தலைக்கு ஏறி, கேஸ்கட் பிய்ந்து, ஐயோ, அதற்குமேல் நினைக்கவே வேண்டாம். வேறு எந்த நாளாக இருந்தாலும் எதையாவது ஒன்றைச் செய்துவிட்டு மரத்தடியில் போய் நின்றுகொள்வார். இன்றைக்கு அப்படி முடியாது. இன்றைக்குப் பக்கத்து சீட்டில் வசந்தாமணி உட்கார்ந்திருக்கிறாள். ஹெரால்டை வாங்கிய ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவருடைய மனைவி அந்த வண்டியில் ஏறியிருக்கிறாள், வீடு போய்ச் சேரும்வரை வண்டி நிற்கக் கூடாது. சாமி, இன்னைக்கு ஒருநாள் மானத்தைக் காப்பாத்து, நாளைக்கு எங்கே வேண்டுமானாலும் நின்று தொலை. அணைக்கவில்லை. ஓடவிட்டார். சூடு காட்டும் முள் பாதியில் இருந்தது.

அவள் ஏறியதே பெரிய கதை. காலையில் மகனோடு வெள்ளைக் காரில்தான் வந்தாள், கூடப் பிறந்தவன் புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு இருட்டோடு இருட்டாகப் போய் நிற்க வேண்டாமா. சென்னியப்பன் விடிந்த பிறகு தனியாக ஹெரால்டில் வந்தார். நாலு சொந்தபந்தம் பார்க்கட்டுமே என்ற ஆசையில்தான், அதை மறைப்பானேன். சாப்பாடு முடிந்தபின் ஈரோட்டுச் சித்தியையும் சித்தப்பாவையும் ரயிலேற்றிவிட வேண்டும் என்று மகன் வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "அம்மா, நீ அப்பா கூட வந்துரு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான், பயலுக்கு என்ன தெரியும். வசந்தாமணி வண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஹெரால்டு தாழ்ந்த வண்டி. முழங்காலுக்கும் கீழே இருக்கிறது சீட்டு. முட்டி நல்லா இருப்பவன் சட்டென்று குனிந்து புகுந்துகொள்வான். வசந்தாமணி முதலில் திரும்பி நின்று, கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, பட்டுச் சேலை கசங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசி ஒரு சாண் தொப்பென்று விழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள், ஏதோ மூட்டை மாதிரி. அப்புறம் இடது கால். "அம்மா" என்று ஒரே ஒரு தடவை, அதுவும் மெதுவாக. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சென்னியப்பன் கதவுக் கீலையே பார்த்தார். கீலுக்குக் கிரீஸ் போட்டது போதுமா என்று பார்க்கிறவர் மாதிரி. பார்க்கச் சகிக்கவில்லை என்பதுதான் நிஜம். காலை மூன்று மணியிலிருந்து ஓமத்துப் புகையில் கீழே உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, பசுமாட்டுக்கு வாழைப்பழம் கொடுத்து, பால் காய்ச்சி, அந்த முட்டி இரண்டும் என்ன பாடு பட்டிருக்கும். கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தும்போது வருகிற சத்தத்துக்காகவே ஒரு மாதம் மெனக்கெட்டவர் அவர், டப் என்று கனமாக, சுத்தமாக விழும். இன்றைக்கு அந்தச் சத்தம் காதில் விழவே இல்லை.

பால் வண்டி டிரைவர் இறங்கி சோம்பல் முறித்துக்கொண்டு வந்தான், காக்கிச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு. வந்தவன் நேராக ஹெரால்டை ஒரு சுற்றுச் சுற்றினான். வருவான் என்று தெரியும். எங்கே நின்றாலும் எவனாவது ஒருத்தன் வருவான். "அண்ணா, சூப்பரா வெச்சிருக்கீங்க, என்ன மாடலுங்கண்ணா?" மற்ற நாளாக இருந்தால் சென்னியப்பன் இறங்கி, முன்பக்கம் மூக்கோடு சேர்த்துத் திறக்கிற அந்த பானெட்டைத் தூக்கிக் காட்டி, கால்மணி நேரம் கதாகாலட்சேபம் நடத்தியிருப்பார். இன்றைக்கு வருஷத்தை மட்டும் சொன்னார். டிரைவர் விடவில்லை. "இப்ப வித்தா என்ன வெலைக்குங்கண்ணா போவும்?" பாழாய்ப் போனவன், கேட்கிறான் பார் கேள்வி, பொண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போது. "விக்கிறதில்லீங்க" என்றார். இதே கேள்வியை இரண்டு மணி நேரத்துக்கு முன் பந்தியில் மச்சான் குழந்தைவேலு கேட்டார், வாய் நிறையச் சிரிப்போடு, நாப்பது பேருக்குக் கேட்கிற மாதிரி. "ஏனுங் மாப்ளெ, உங்க வண்டியெ இன்னைக்குக் குடுத்தா என்ன தேறும்?" யாரோ ஒரு தொகையைச் சொன்னார்கள். "அவ்வளவுதானா? மாப்ளெ அதுக்குப் போட்ட காசுல இன்னொரு மாடி எடுத்திருக்கலாமாட்டப்பா" என்றார் மச்சான், புது வீட்டுச் சுவரைத் தட்டிக் காட்டி. எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார், ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டே. எதிர்ப்பந்தியில் பெண்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்த வசந்தாமணிக்குக் கேட்டிருக்குமா? கேட்காமல் என்ன, அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் நிமிர்ந்து பார்த்தாளா இல்லையா? அதுதான் பிடிபடவில்லை. அந்த நிமிஷம் அவர் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு போட்டோம்? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. பெருந்துறையில் பம்புசெட் ஸ்பேர் கடை வைத்திருக்கிற சென்னியப்பன், இருபது ஐட்டம் வாங்குகிறவனுக்கு வாயாலேயே கூட்டி, பைசா பிசகாமல் சொல்லுகிறவர், இந்த ஒரு கணக்கை மட்டும் இன்றுவரை கூட்டியதில்லை. தகரத்துக்கு இவ்வளவு, பெயிண்டுக்கு இவ்வளவு, சென்னையிலிருந்து வந்த கண்ணாடிக்கு இவ்வளவு என்று மனசு ஆரம்பிக்கும், மூன்றாவதுக்கு வரும்போது சட்டென்று வேறு எதற்கோ போய்விடும், குளித்துக்கொண்டிருக்கும்போது சோப்பு வழுக்கிப் போகிற மாதிரி. கூட்டினால் என்ன ஆகிவிடும்? வண்டி என்ன விலை போகுமோ அதைப்போல மூன்று மடங்கு நாலு மடங்கு வரும், அது தெரிந்ததுதான். தெரிந்ததை எதற்குக் கூட்ட வேண்டும். அந்த வாட்டர் பம்ப் கூடு இருக்கிறதே, எஞ்சினுக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பின் இரும்புக் கூடு, அது விரிசல் விட்டபோது புத்தியுள்ளவன் பழைய இரும்புக் கடையில் ஒன்றைத் தேடியிருப்பான், இல்லையென்றால் பற்றவைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பான். பம்புக்காரன் வண்டிக்குப் பம்பு இல்லையா என்று சென்னியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோயமுத்தூர் போய், தெரிந்த ஃபவுண்டரியில் மரத்தில் அச்சுச் செய்து வார்க்கச் சொன்னார். "ஒண்ணு வார்த்தாலும் ஒரு டஜன் வார்த்தாலும் அச்சுக்கூலி ஒண்ணுதானுங்க" என்றார் ஃபவுண்டரிக்காரர். இத்தனை வருஷமாக எதையும் டஜன் கணக்கில் வாங்கியே பழகின வாய், "அப்ப டஜனாவே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டது. பன்னிரண்டு வந்தது. ஒன்று வண்டியில் ஏறிற்று. மீதிப் பதினொன்றும் பரண்மேல் ஏறின. தமிழ்நாட்டில் ஓடுகிற ஹெரால்டு எத்தனை இருக்கும், அதில் பம்பு உடைந்தது எத்தனை இருக்கும், எவன் வந்து வாங்கப் போகிறான்? அதில் ஒன்றை வசந்தாமணி எடுத்துப்போய் மொட்டை மாடியில் வடகம் காயவைக்கிற துணி பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொண்டாள். "நல்லா கனமா இருக்குதுங்க, இன்னொண்ணும் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். கேலியா, நிஜமாகவே கேட்டாளா, அதுவும் இன்றுவரை தெரியவில்லை. இவளிடம் இதுதான் கஷ்டம். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். கத்த மாட்டேன் என்கிறாளே.

தடதடவென்று ரயில் வந்தது, சரக்கு ரயில், முடிவே இல்லாமல் பெட்டி பெட்டியாக, ஹெரால்டின் கண்ணாடிகள் எல்லாம் நடுங்கின. முள் முக்காலுக்கு வந்துவிட்டது. சீக்கிரம் போடா, போய்த் தொலைடா. ரயில் சத்தத்துக்கு நடுவே எஞ்சின் சத்தம் கேட்கவில்லை, நின்றுவிட்டதோ என்று காலில் அதிர்வைத் தேடினார், இருந்தது. வசந்தாமணி என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? கைகளை மடியில் வைத்து, கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முட்டியை வெள்ளைத் துணியால் சுற்றியிருப்பாள் சேலைக்கு உள்ளே, பண்டிகை விசேஷம் என்றால் சுற்றிக்கொள்வாள். மூன்று வருஷம் ஆகிறது டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி. "ரெண்டு முட்டியும் நல்லா தேஞ்சு போச்சுங்க. மாத்தீரலாம். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லெ, சின்ன ஆபரேஷன்தான்." வெளியே வந்து செருப்பு மாட்டும்போது வசந்தாமணி சொன்னாள், "இப்ப என்னத்துக்குங்க, அப்புறம் பாத்துக்கலாம்." அவர் சொன்னார், "உன்ற இஷ்டம்." அவ்வளவுதான் பேச்சு. உன்ற இஷ்டம். தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே. அவளுடைய கால், அவளுடைய இஷ்டம், எத்தனை ஆம்பிளைகள் அந்த அளவுக்காவது கேட்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு வார்த்தை ஏன் இப்படிச் செருப்பில் புகுந்த கல்லாக உறுத்துகிறது? காரணம் அவருக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்றதும் அவர் மூச்சு விட்டார், அதுதான். அப்பாடா என்று விட்டார். காசுக்காக அல்ல, சத்தியமாகக் காசுக்காக அல்ல, அப்போது காசு இருந்தது. சின்ன ஆபரேஷன்தான் என்று இதே வார்த்தையைத்தான் அவருடைய பெரியண்ணனுக்கும் சொன்னார்கள், குடலிறக்கத்துக்கு. சட்டைப் பையில் சீப்போடு, தன் காலால் நடந்து போய்ப் படுத்தார் பெரியண்ணன், "மத்தியானம் தயிர்சாதம் கொண்டாந்துரு" என்று இவரிடம் சொல்லிவிட்டு. தயிர்சாதம் தூக்குப்போசியிலேயே புளித்துப் போயிற்று. வசந்தாமணிக்கு அந்தக் கதை தெரியும், ஆனால் அவர் வாயால் கேட்டதில்லை. அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிப் பச்சைச் சட்டையில் வசந்தாமணியை ஒரு கதவுக்குள் தள்ளிக்கொண்டு போவதையும், அந்தக் கதவு சாத்திக்கொள்வதையும், தான் வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையும் நினைக்க ஆரம்பித்தாலே எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். அந்த மாதம்தான் ஃபவுண்டரிக்குப் போனார். அதற்கப்புறம் அவள் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிற ஒவ்வொரு தடவையும் ஷெட்டுக்குப் போய் ஒரு நட்டைக் கழற்றினார்.

கழற்றினால் தெரிந்துவிடுகிறதே, அதுதான் வண்டியில் இருக்கிற சுகம். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே துரு, எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தடவலாம், சரியாக வராவிட்டால் மறுபடி கழற்றலாம், ஒன்றும் செத்துப் போகாது. கடையில் காலை முதல் ராத்திரி வரை கம்ப்ளெயிண்ட், வீட்டில் அந்த முட்டி, ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் எல்லாம் சரிபண்ணக்கூடிய சாமான்களாக மட்டும் இருக்கும். இதை எப்படி மச்சானுக்குச் சொல்வது? சொன்னால் அதற்கும் சிரிப்பார். சரக்கு ரயில் போய் முடிந்துவிட்டது. கடைசிப் பெட்டியில் கார்டு ஒருத்தர் பச்சைக் கொடியோடு போனார். பைக்குக்காரர்கள் கிக்கரில் காலை வைத்தார்கள். கம்பி எழுந்திருக்கவில்லை. கேட்கீப்பர் அறைக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது. "இன்னொண்ணு வருதாட்ட" என்றான் பால் வண்டி டிரைவர், வண்டி நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டே. இன்னொன்றா! விளங்கிற்று. முள் சிவப்புக் கோட்டின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை, அணைக்க வேண்டியதுதான். கிளம்பாவிட்டால் கிளம்பாமல் போகட்டும், எஞ்சின் தலை போவதற்கு அது எவ்வளவோ தேவலை. கேட் திறந்ததும் நாலு பேர் தள்ளுவார்கள், வசந்தாமணி இறங்க வேண்டியிருக்கும், இறங்குவதற்கு மறுபடியும் அந்தக் கூத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, எல்லாரும் பார்க்க. நாளைக்கு மச்சான் வீடு வரைக்கும் போகும் சேதி. மாப்ளெ வண்டி கேட்டுல படுத்துக்கிச்சாம், தங்கச்சிய எறக்கித் தள்ளச் சொன்னாராமா. போகட்டும். கையைச் சாவிக்குக் கொண்டுபோனார்.

"ஏனுங்க" என்றாள் வசந்தாமணி. வண்டியில் ஏறியதிலிருந்து முதல் பேச்சு. போச்சு. வருகிறது, ஆறு வருஷத்துக்கும் சேர்த்து வருகிறது. "இதென்னங்க காலுக்கிட்ட அனலாட்ட வருது?" அட, அது வேறா. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற கியர்பாக்ஸ் மேடு. அதன்மேல் இருந்த பழைய கம்பளி அட்டையெல்லாம் மக்கிப் போயிருந்ததென்று அவர்தான் பிய்த்துப் போட்டார், புது விரிப்பு இன்னும் தைத்து வரவில்லை, எஞ்சின் சூடு நேராக உள்ளே அடிக்கிறது. "விரிப்புத் தெக்கக் குடுத்திருக்குது, வந்துட்டா இருக்காது" என்று ஆரம்பித்தார் அவசர அவசரமாக, "கால அந்தப் பக்கமா தள்ளி வெச்சுக்க, சுட்டுப்போடப் போவுது." வசந்தாமணி தள்ளி வைக்கவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி, வலது காலைத் தூக்கி, இரண்டு முட்டியையும் அந்த மேட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்து வைத்தாள். "சுடலீங்க. ஒத்தடம் குடுத்தாப்புல இருக்குது" என்றாள். "காத்தால இருந்து குத்திட்டே இருந்துச்சு, இப்பத்தான் விட்டிருக்குது. அட, ஆமாங்க, நல்லா இதமா இருக்குது." சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தாள், அவர் புதுசாகப் பஞ்சு வைத்துத் தைத்த சீட்டில். அவர் கை சாவியில் இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். "ஆஃப் பண்ணிப்போடாதீங்க. சித்தெ நேரம் இருக்கட்டும்."

சித்தெ நேரம். அவளுக்கு என்ன தெரியும், சித்தெ நேரத்தில் என்ன ஆகும் என்று. சொல்லலாம். இல்லெ புள்ள, இதுக்கு மேல ஓட்டுனா எஞ்சின் போயிரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், "செரி, அணைச்சுருங்க" என்பாள், மறுபேச்சுப் பேச மாட்டாள், என்றைக்குப் பேசியிருக்கிறாள். காலை இழுத்துக்கொள்வாள், கேட்டைப் பார்ப்பாள். சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடியிருந்தாள். நெற்றியில் இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு மடிப்பு இருக்கும் வசந்தாமணிக்கு, கல்யாணத்தின்போது இல்லை, எப்போது வந்தது என்று அவர் கவனிக்கவில்லை, ஆனால் எப்போதும் இருக்கும், சிரிக்கும்போதுகூட இருக்கும். இப்போது இல்லை. அந்த இடம் வழவழவென்று இருந்தது. அடப்பாவி, அப்படியானால் அது வலியா? இத்தனை நாளும் அந்த மடிப்பு வலியா? கோபம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். வண்டிமேல் கோபம், காசுமேல் கோபம், தன்மேல் கோபம் என்று நினைத்து, அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து பயந்து ஷெட்டுக்குள் ஓடியிருக்கிறாரே. உனக்குக் கண் என்னத்துக்குடா இருக்கு சென்னியப்பா, ஒரு ஸ்க்ரூ தேய்ந்தால் தெரிகிறது, இது தெரியவில்லையா. எதிர்த் திசையிலிருந்து ரயில் ஊதியது. முள் சிவப்புக்குள் முழுசாகப் போய்விட்டது. பானெட்டின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஆவி கிளம்பிற்று, அப்புறம் கயிறு மாதிரி. பால் வண்டி டிரைவர் எழுந்து ஓடிவந்து கண்ணாடிக்குள் குனிந்தான். "அண்ணா, பொகையுதுங்கண்ணா! ஆஃப் பண்ணுங்க, எஞ்சின் போயிரும்!" சென்னியப்பன் விரலை உதட்டில் வைத்து, பக்கத்தில் கண்ணைக் காட்டினார். டிரைவர் அவளைப் பார்த்தான், ஆவியைப் பார்த்தான், இந்த ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்கிற மாதிரி அவரைப் பார்த்தான். சென்னியப்பன் சாவியிலிருந்து கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். பிஸ்டன் ஒவ்வொன்றும் அவர் துடைத்து எண்ணெய் தடவி உள்ளே இறக்கியது. எஞ்சின் தலை வளைந்துகொண்டிருக்கும் இப்போது. கேஸ்கட் கருகிக்கொண்டிருக்கும். வயிறு எரிந்தது, பொய் சொல்லக்கூடாது, பெற்ற பிள்ளை அடி வாங்குகிற மாதிரி எரிந்தது. இருந்தாலும் கை அங்கேயே இருந்தது.

பாசஞ்சர் ரயில் வந்து, ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் ஓடி மறைந்து, போய்ச் சேர்ந்தது. அது போன நிசப்தத்தில் ஹெரால்டு இரண்டு தரம் குலுங்கியது, உள்ளே டக் என்று ஏதோ ஒன்று விட்டது, எஞ்சின் நின்றுவிட்டது. ஆவி மட்டும் புஸ் என்று வந்துகொண்டிருந்தது. கம்பி எழுந்தது. பைக்குகள் கிளம்பின. பால் வண்டிக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தன் வண்டிக்கு ஓடினான். பின்னால் ஒருத்தன் ஹாரனில் கையை வைத்தான், அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். வசந்தாமணி கண்ணைத் திறந்தாள். "நின்னு போச்சுங்களா?" "நின்னு போச்சு." "கெளம்புமுங்களா?" "கெளம்பாது." அவள் முன்னால் வந்துகொண்டிருந்த ஆவியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக் குடித்தனம், ஒரு முகத்தைப் படிக்க அவளுக்கு எவ்வளவு நேரமாகும். "நானு அணைக்காதீங்கன்னு சொன்னதுனாலயா?" "அதெல்லாம் ஒண்ணுமில்லெ." "நெறையாத்தான் ஆவுமாட்டிருக்குது, மறுக்காச் சரிபண்ண." சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துச் சொன்னார், "ஆவும். பண்ணப்போறதில்லெ. வர்ற வாரம் உன்ற முட்டிக்குப் போறோம்." சொல்லிவிட்டார். அப்புறம் பார்த்துக்கலாம் என்பாள் என்று காத்திருந்தார், சொன்னால் இந்தத் தடவை என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூட வாயில் தயாராக இருந்தது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது, ஒருத்தன் ஒதுங்கிக் கடந்து போகும்போது வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டுப் போனான். வசந்தாமணி இன்னும் சூடு ஆறாத அந்த மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல், ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. அன்னைக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நீங்க வற்புறுத்துவீங்கன்னு பாத்தேன்."

"எனக்குந்தான் புள்ள" என்றார் சென்னியப்பன். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

தள்ளிவிட இரண்டு பேர் வந்து வண்டியின் பின்னால் கை வைத்து நின்றார்கள். "அண்ணா, நீங்களும் எறங்குங்க, ஒட்டுக்காத் தள்ளிரலாம்" என்று ஒருத்தர் தகரத்தைத் தட்டிக் கூப்பிட்டார். சென்னியப்பன் கொஞ்ச நேரம் இறங்கவில்லை.